மெடுல்லரி தைராய்டு புற்றுநோய்: கேள்வி பதில்

கேள்வி: அம்மாவின் கழுத்துக் கட்டியில் ஊசிப் பரிசோதனை செய்து, ‘மெடுல்லரி’ என்று எழுதியிருக்கிறார்கள். தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின் மருந்து குடித்தால் போதும் என்கிறார்களே?

பதில்: அந்த மருந்து பாப்பிலரி, ஃபாலிகுலர் என்ற தைராய்டு புற்று வகைகளுக்கு, அதுவும் பெரும்பாலும் அறுவைக்குப் பிறகு. மெடுல்லரி தோன்றுவது தைராய்டின் ‘சி’ செல்களில். அவை அயோடினை உறிஞ்சுவதில்லை. அறுவை சிகிச்சைதான் வழி. முழுத் தைராய்டையும் கழுத்து நடுப்பகுதி நிணநீர்க் கணுக்களையும் எடுப்பார்கள். இதில் நன்கு பழகிய மருத்துவரிடமே செல்லுங்கள். விட்டுப்போனதை மறுமுறை தேடுவது மிகவும் கடினம்.

கேள்வி: அடுத்த வாரம் எனக்கு இதே அறுவை. முன்னதாக என்ன கேட்க வேண்டும்?

பதில்: “சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியைப் பார்த்துவிட்டீர்களா?” என்று கட்டாயம் கேளுங்கள். பரம்பரை வகையில் அங்கே ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி சேர்ந்து இருக்கலாம். அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி உயிருக்கே ஆபத்தாகும். ரத்தத்திலோ சிறுநீரிலோ செய்யும் மெட்டானெஃப்ரின் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். கட்டி இருந்தால் முதலில் அதைத்தான் அகற்ற வேண்டும். கால்சிடோனின் (‘சி’ செல்கள் சுரக்கும் ஹார்மோன்), சி.இ.ஏ. (இந்தப் புற்றில் கூடும் ஒரு ரத்தப் புரதம்), கால்சியம் அளவுகளும் இப்போதே கையில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. மரபணுச் சோதனை எதற்கு?

பதில்: இந்த நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இது பரம்பரையாக வருகிறது. குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்களிடமும் இந்தப் பரம்பரை வகைக்குக் காரணமான ஆர்.இ.டி. (RET) மரபணுவில் பிழை தென்பட்டதுண்டு. பிழை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போக 50 சதவீத வாய்ப்பு. அந்த மரபணுவின் 634ஆம் இடத்தில் பிழையுள்ள குழந்தைக்கு 5 வயதுக்குள் தைராய்டை எடுத்துவிடச் சொல்கிறார்கள். எம்918டி என்ற கடுமையான பிழையென்றால் முதல் வயதிலேயே. பச்சைப் பிள்ளைக்குக் கத்தியா என்று மனம் பதறும். ஆனால் புற்று முளைக்கும் முன்பே தடுக்கக் கிடைக்கும் அரிய வாய்ப்பு இது, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். உங்களிடம் பிழை இல்லையென்றால் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சோதனையே தேவைப்படாது.

கேள்வி: கழுத்தில் கட்டி, கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு. தொடர்பு உண்டா?

பதில்: இருக்கலாம். கால்சிடோனின் மிகும்போது அப்படி வரும். உடனே ரத்தத்தில் பாருங்கள்.

கேள்வி: அறுவை முடிந்து மூன்று மாதம். கால்சிடோனின் இன்னும் இறங்கவில்லை. தூக்கமே இல்லை.

பதில்: உங்கள் கவலை புரிகிறது. எங்கோ சில செல்கள் மிஞ்சியிருக்கின்றன என்றுதான் பொருள். அந்த அளவு இரட்டிப்பாக எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதே முக்கியம். ஆறு மாதத்துக்குள் என்றால் தீவிரமாகத் தேட வேண்டும். இரண்டு ஆண்டுக்கு மேலென்றால் பலர் கண்காணிப்பிலேயே நெடுநாள் நலமாக வாழ்கிறார்கள். பரவி வளர்ந்தாலும் வான்டெட்டானிப், கபோசான்டினிப் மாத்திரைகள் உண்டு. ஆர்.இ.டி. பிழையையே குறிவைக்கும் செல்பெர்கேட்டினிப் 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கட்டியின் திசுவிலும் ஆர்.இ.டி. சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.