மூன்று லீவர், இரண்டு ஹோஸ்: பழைய வேன் ஹீட்டர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்

கேள்வி: பழைய வேன் ஒன்று வாங்கியிருக்கிறேன். டேஷ்போர்டில் மூன்று லீவர்கள். மேலே இருந்த படங்கள் தேய்ந்து போய்விட்டன. எதை எந்தப் பக்கம் தள்ளினாலும் வெதுவெதுப்பான காற்றுதான் வருகிறது. எது எதற்கு?

பதில்: பெரும்பாலான பழைய வேன்களில் ஒரு லீவர் சூட்டுக்கு, ஒன்று காற்றின் திசைக்கு, மற்றொன்று வெளிக்காற்றா உள்காற்றா என்பதற்கு. காற்றை ஊதும் விசிறியான ப்ளோயருக்குத் தனி சுவிட்ச் இருக்கும். ப்ளோயரை முழு வேகத்தில் வைத்து, துவாரத்தில் கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு லீவராகக் கடைசிவரை நகர்த்திப் பாருங்கள். காற்று கண்ணாடியிலிருந்து காலுக்கு மாறினால் அது திசை லீவர். காற்றின் இரைச்சல் மட்டும் மாறினால் வெளி-உள் லீவர். மிச்சம் சூடு.

அந்தச் சூட்டு லீவரின் மறுமுனையில் இருப்பது ஒரு எஃகுக் கேபிள். அது, டேஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டருக்குப் போகும் வெந்நீர் வால்வைத் திறக்கும். சில வண்டிகளில் வால்வுக்குப் பதில் காற்றுப்பாதையில் உள்ள ஒரு தடுப்புப் பலகையைத் திருப்பும். உங்கள் வண்டியில் சூடும் ஏறவில்லை, குளிர்ச்சியும் வரவில்லை. அதனால் முதல் சந்தேகம் கேபிள்மேல்தான். இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மூடாமல் திறந்தே நின்றுவிட்டால் சூடு குறையுமே தவிர, லீவரைக் குளிர்ப் பக்கம் தள்ளியதும் காற்று குளிர்ந்துவிடும்.

இன்ஜினை அணைத்துவிட்டு, ஒருவரை லீவரை நகர்த்தச் சொல்லி, நீங்கள் வால்வின் கையைப் பாருங்கள். கேபிளின் உறையைப் பிடித்திருக்கும் கிளிப் கழன்றிருந்தால், உள்கம்பி வால்வை இழுக்காது. உறைதான் முன்னும் பின்னும் ஆடும். லீவரைக் குளிர் முனையில் வைத்து, வால்வைக் கையால் முழுவதும் மூடி, அதே நிலையில் உறையைக் கிளிப்பில் அழுத்துங்கள். லீவர் இறுகியிருந்தால் பலம் போடாதீர்கள். முதலில் உடைவது லீவரின் பிளாஸ்டிக்தான், பழைய வண்டிக்கு அது லேசில் கிடைக்காது.

கேபிள் சரி என்றால், சூடான இன்ஜினை அணைத்து, லீவரை முழுச் சூட்டில் வைத்தபடியே, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் பதமாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தால் தண்ணீர் ஓடுகிறது, கோளாறு காற்றுப்பாதையில். ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் வால்வு திறக்கவில்லை. அல்லது ஹீட்டர் ரேடியேட்டரில் கசடு அடைத்திருக்கிறது. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்க ஓடும் அந்தத் தண்ணீர்க் கலவை) குறைந்து உள்ளே காற்று சிக்கினாலும் இப்படி ஆகும். அளவை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே பாருங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

கேள்வி: ப்ளோயர் கடைசி வேகத்தில் மட்டுமே ஓடுகிறது. மோட்டார் போய்விட்டதா?

பதில்: கடைசி வேகத்தில் ஓடுவதால் மோட்டார் போகவில்லை. குறைந்த வேகங்களுக்கு மின்சாரம், அதைக் குறைத்துத் தரும் ரெசிஸ்டர் வழியாகப் போகும், கடைசி வேகத்துக்கு நேராகப் போகும். பெரும்பாலும் எரிந்தது ரெசிஸ்டராகத்தான் இருக்கும். அது சூடாகும் பொருள் என்பதால்தான் காற்றுப்பாதைக்குள்ளேயே பொருத்தியிருப்பார்கள். புதிதாகப் போடுமுன் ப்ளோயர் விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இலை தழை சிக்கியோ, பேரிங் காய்ந்தோ இறுக்கமாகச் சுற்றினால் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும், புது ரெசிஸ்டரும் எரியும். ரெசிஸ்டரின் வயர் பிளக் உருகிப் பழுத்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: மழையில் முன் கண்ணாடி உள்பக்கம் மங்குகிறது.

பதில்: லீவர் உள்காற்றில் இருந்தால், நம் மூச்சின் ஈரமே வண்டிக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். வெளிக்காற்றுக்கு மாற்றி, சூட்டைக் கூட்டி, திசையைக் கண்ணாடிக்கு வையுங்கள். ஏ.சி. இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள், ஈரத்தைப் பிழிந்தெடுத்துவிடும். பின்பக்கக் காற்றுப்போக்கிகளைச் சாமான் மறைத்திருந்தால் அதையும் நகர்த்துங்கள். பழைய காற்று வெளியேறாவிட்டால் புதுக்காற்று உள்ளே வராது.

துடைத்தால் பிசுபிசுக்கும் படலம், இனிப்பு வாடை, காலடி விரிப்பில் ஈரம் இருந்தால் மட்டும் இது மழை ஈரமல்ல. ஹீட்டர் ரேடியேட்டர் ஒழுகுகிறது. கூலன்ட் விஷம். ரேடியேட்டர் மாற்றும்வரை ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் ஒரு குழாயால் இணைத்துக் கிளிப் போட்டு ஓட்டலாம்.