வாசகர் கேள்வி – பதில்

பாளையங்கோட்டை வாசகர்: 2021-இல் அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் ஆரோன் ராட்ஜர்ஸ் தன் அணியான கிரீன் பே பேக்கர்ஸ் நிர்வாகத்தோடு முறுக்கிக்கொண்டாரே, நம்மூர் கபடி ஆட்டக்காரர் மாதிரி வேறு அணிக்குப் போயிருக்கலாமே?

பதில்: போக முடியாது. ஒப்பந்தம் முடியும்வரை ஆட்டக்காரர்மீதான உரிமை அணிக்கே. பயிற்சி முகாமுக்கு வராவிட்டால் நாளுக்கு 50,000 டாலர் அபராதம். அணியே நினைத்தாலும் தள்ளுபடி கிடையாது.

அணிக்கும் கைகட்டுதான். ஒப்பந்த முன்பணத்தைச் சம்பள வரம்புக் கணக்கில் (ஓர் அணி ஓராண்டில் ஆட்டக்காரர்களுக்குச் செலவிடக்கூடிய உச்சத்தொகை) பல ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுவார்கள். ஆளை வேறு அணிக்குக் கைமாற்றினால் மிச்சம் முழுவதும் அந்த ஆண்டுக் கணக்கிலேயே விழும். ஜூன் 1-க்குப் பிறகு என்றால் இரண்டாண்டாகப் பிரியும். பேச்சுவார்த்தை கோடைவரை இழுப்பதற்கு இது முக்கியக் காரணம்.

2020-இல், அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றிலேயே, ராட்ஜர்ஸ் ஆடும் அதே குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) இடத்துக்கு ஜோர்டன் லவ் என்ற இளைஞரை பேக்கர்ஸ் எடுத்ததிலிருந்தே உரசல். தன் வேலையைத் தொடும் முடிவுகளில் தன்னையும் கலந்துபேச வேண்டும் என்றார் ராட்ஜர்ஸ், நியாயமான கோரிக்கைதான். 2021 ஜூலையில் முகாமுக்குத் திரும்பினார். நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு மாறியது 2023-இல்தான்.