எந்தப் பனி உருகினால் நம் கடல் உயரும்?

ஐயாவுக்கு வணக்கம். சமூக மன்றத்தில் சனிக்கிழமைதோறும் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பு வகுப்பு நடத்தும் தொண்டூழியர் நான். இந்தத் தவணையில் துருவப் பகுதிகளையும் அவற்றின் பாதுகாப்பையும் எடுத்துக்கொண்டோம். எலும்பும் தோலுமான பனிக்கரடியின் படத்தைக் காட்டியபோது ஒரு சிறுமி அழுதுவிட்டாள். பனியையே பார்த்திராத நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் தேவைதானா? தேவையென்றால் தமிழில் எந்த நூலிலிருந்து தொடங்கலாம்?
– வாசகி, உட்லண்ட்ஸ்

அன்புள்ள சகோதரி,

பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்காகச் சனிக்கிழமையை ஒதுக்கும் உங்களைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. ஆயினும் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். துருவங்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று சில காலமாகவே யோசித்துவருகிறேன். நம் சிங்கப்பூர்த் தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. நம்மைச் சுற்றியுள்ள கடல் 2100க்குள் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று 2024இல் வெளியான தேசியப் பருவநிலை ஆய்வு கணித்திருக்கிறது. பாடம் தேவையா என்ற கேள்விக்கு இதற்குமேல் நான் பதில் சொல்லப்போவதில்லை.

என்னை வருத்தியது அந்தப் படம். ஒரு குழந்தையை அழவைத்து, காரணத்தை விளக்காமல் வீட்டுக்கு அனுப்புவது பாடமாகாது. மண்டாய் விலங்கியல் தோட்டத்தில் 1990இல் பிறந்து 2018இல் இறந்த இனுக்காதான் வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி. 2004இல் அதன் உரோமம் பச்சையாகிவிட்டிருந்த சமயத்தில் என் மகனை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். பனிக்கரடியின் உரோமம் உண்மையில் நிறமற்றது, உள்ளே குழல்போல் வெறுமையானது, அந்தக் குழலுக்குள் பாசி வளர்ந்துவிட்டது என்று பராமரிப்பாளர் ஒருவர் அவனுக்குப் பொறுமையாக விளக்கினார். வீடு வந்து சேரும்வரை அவன் கேள்வி கேட்பதை நிறுத்தவேயில்லை. அவர் காரணத்தைச் சொன்னதால்தான் அத்தனை கேள்விகளும் பிறந்தன.

ஆகவே அடுத்த வகுப்புக்கு இரண்டு கண்ணாடிக் குவளைகளைக் கொண்டுசெல்லுங்கள். ஒன்றில் ஐஸ் கட்டிகளை மிதக்கவிட்டு விளிம்புவரை நீர் ஊற்றுங்கள். மற்றொன்றில் விளிம்புக்கு மேல் தலைநீட்டும் கல்லை வைத்து, விளிம்புவரை நீரை நிரப்பியபின் கல்லின்மீது கட்டிகளை அடுக்குங்கள். கட்டிகள் உருகியதும் முதற்குவளை வழியாது, இரண்டாவது வழியும். ஆர்க்டிக் பெருங்கடலில் மிதக்கும் பனி உருகுவதால் கடல்மட்டம் உயர்வது மிகமிகச் சொற்பம். கிரீன்லாந்தின் நிலத்துப் பனி முழுவதும் உருகினாலோ ஏறத்தாழ 7 மீட்டர் உயரும். அண்டார்க்டிகாவின் பனி முழுவதும் உருகினால் 50 மீட்டருக்கும் மேல். அதற்குப் பல நூற்றாண்டுகள், ஆயிரமாண்டுகள்கூட ஆகும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், ஏனெனில் பிள்ளைகளைப் பயமுறுத்துவதும் எனக்கு உடன்பாடில்லை.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். கிரீன்லாந்தின் பனிப்பாளம் எவ்வளவு பெரியதென்றால், அதன் ஈர்ப்பு விசை சுற்றியுள்ள கடல்நீரையே தன்பக்கம் இழுத்துவைத்திருக்கிறது. பனி உருகி எடை குறையும்போது அந்தப் பிடி தளர்கிறது. நீர் விலகிச் செல்கிறது. அதனால் கிரீன்லாந்தை ஒட்டிய கடல் தாழ்கிறது, தொலைவிலுள்ள கடல்களோ உலகச் சராசரியைவிட அதிகமாக உயர்கின்றன. அண்டார்க்டிகாவின் பனிக்கும் இதே விதிதான். நிலநடுக்கோட்டுக்கு அருகில், இரு துருவங்களுக்கும் தொலைவில் இருக்கும் ஊர் நம்முடையது. தொலைவில் இருப்பதால் தப்பித்தோம் என்று எண்ணும் பிள்ளைக்கு, தொலைவில் இருப்பதாலேயே நமக்குக் கூடுதலாக உயர்கிறது என்பதை உலகப்படத்தை விரித்துக் காட்டுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியாது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

நூல்களைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். பாதுகாப்பு என்ற பகுதியில், பெருங்கடலைச் சுற்றி மக்கள் வாழும் வடக்கும், நிரந்தரக் குடிகளே இல்லாத தெற்குக் கண்டமும் வேறுவேறு என்பதைச் சொல்லிவிட்டு, உடன்படிக்கைகளுக்குச் செல்லுங்கள். பனிப்போர் உச்சத்தில் இருந்த 1959இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் உட்பட 12 நாடுகள் அண்டார்க்டிகாவை அமைதிக்கு மட்டுமே உரியதாக்கிக் கையெழுத்திட்டன. 1991இல் மட்ரிட்டில் கையெழுத்தான ஒப்பந்தம் அங்குச் சுரங்கம் தோண்டுவதைத் தடைசெய்தது. அத்தடை 2048இல் காலாவதியாகிவிடும் என்று பலர் எழுதுகிறார்கள், அது பிழை. 2048 முதல், முடிவெடுக்கும் உரிமை பெற்ற எந்த நாடும் மறுஆய்வு மாநாட்டைக் கோரலாம், அவ்வளவே. உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு அப்போது முப்பது வயதைத் தாண்டியிருக்கும்.