ஒரிஜினல் அக்ரிமென்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: தாம்பரம் பக்கம் 62 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய வீடு பேசி முடித்தோம். புரோக்கர் எங்கள் ஊர்க்காரர், பத்து வருஷப் பழக்கம். உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு 5 லட்சம் அட்வான்ஸ் அனுப்பினேன். பட்டா மாற்ற, பதிவுச் செலவுக்கு, கமிஷனுக்கு என்று புரோக்கர் 3 லட்சம் ரொக்கமாக வாங்கினார். மனைவியின் நகையை அடகு வைத்துக் கொடுத்தேன். மூன்று மாதக் கெடு போட்டு அக்ரிமென்ட் எழுதினோம், பதிவு செய்யவில்லை. இப்போது உரிமையாளரின் அக்கா, அப்பா சொத்தில் தனக்கும் பங்கு உண்டு, கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். இது புரோக்கருக்கு முதலிலேயே தெரியுமாம். பணத்தைக் கேட்டால், 5 லட்சத்தைப் புரோக்கரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்கிறார் உரிமையாளர். போலீஸில் புகார் கொடுத்தேன். 8 லட்சத்தையும் நான்கு மாதத்தில் தருவதாகப் புரோக்கர் ஸ்டேஷனில் எழுதித் தரத் தயார். ஆனால் ஒரிஜினல் அக்ரிமென்ட்டை உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டுமாம். கையெழுத்துப் போடலாமா? ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) புகார் செய்து புரோக்கரை ஜெயிலுக்கு அனுப்ப முடியுமா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: போடாதீர்கள். ஸ்டேஷனிலிருந்து மறுபடி கூப்பிட்டால், வக்கீலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஊர்ப்பாசம், பத்து வருஷப் பழக்கம், கோயிலில் வைத்துச் செய்த சத்தியம், இரண்டு பக்கமும் வாங்கிய கமிஷன் என்று நீங்கள் விரிவாக எழுதியிருந்ததையெல்லாம் படித்தேன். வழக்குக்கு அதில் எதுவும் உதவாது. உங்கள் பணம் தங்குவதும் போவதும் ஒரே கேள்வியில் இருக்கிறது: உரிமையாளர் புரோக்கரிடம் கொடுத்த 5 லட்சம், உங்களிடம் கொடுத்ததாகுமா?

இன்றைக்கு ஆகாது. அட்வான்ஸ் அவர் கணக்கில் ஏறியதற்கு வங்கிச் சான்று இருக்கிறது. வாங்கியதாக அவர் கையெழுத்தும் அக்ரிமென்ட்டில் இருக்கிறது. என் சார்பில் வாங்கிக்கொள் என்று புரோக்கருக்கு நீங்கள் எந்த அதிகாரமும் கொடுக்கவில்லை. ஆகவே யாரிடம் கொடுத்திருந்தாலும் அது அவர் பாடு, உங்களுக்குத் தர வேண்டியது பாக்கி நிற்கிறது. ஆனால் அந்த ஸ்டேஷன் கடிதத்தில் கையெழுத்துப் போட்டீர்களானால் நிலைமை தலைகீழாகிவிடும். '8 லட்சத்தையும் புரோக்கரிடம் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதினால், உரிமையாளர் அவரிடம் கொடுத்ததை நீங்களே ஏற்றுக்கொண்டதாக வாதாடுவார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 62-வது பிரிவையும் காட்டுவார்கள்: பழைய ஒப்பந்தத்துக்குப் பதிலாகப் புது ஒப்பந்தம் வந்துவிட்டால் பழையதை நிறைவேற்ற வேண்டியதில்லை. உரிமையாளர் கழன்றுகொள்வார். சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத ஆளின் வாக்குறுதிதான் உங்களிடம் மிஞ்சும்.

இப்படி ஏமாந்து என்னிடம் வந்த ஒருவரை மறக்க முடியவில்லை. இரவு ஒன்பது மணிக்கு ஸ்டேஷனில் சமரசம் பேசி, அக்ரிமென்ட்டை அங்கேயே வாங்கிக் கிழித்துவிட்டார்கள். பக்கத்திலிருந்த கடையில் ஒரு ஜெராக்ஸ்கூட அவர் எடுத்து வைத்திருக்கவில்லை. முதல் தவணையாக 50,000 வந்தது. அதோடு புரோக்கரின் போன் அணைந்தது. உரிமையாளர்மேல் வழக்குப் போட்டோம். அவருடைய வக்கீல் முதல் வாய்தாவிலேயே நீட்டிய காகிதம், என் கட்சிக்காரரே கையெழுத்துப் போட்ட அந்த ஸ்டேஷன் கடிதம்தான்.

உங்களிடம் இருக்கும் அக்ரிமென்ட் வெறும் ரசீது அல்ல. சொத்து மாற்றச் சட்டம் 55(6)(பி) பிரிவின்படி, உங்கள் மேல் தவறில்லாமல் கிரயம் முறிந்தால், கொடுத்த அட்வான்ஸுக்கு அந்த வீட்டில் விற்பவருக்குள்ள பங்கே ஈடு. ஆனால் பதிவாகாத அக்ரிமென்ட் வில்லங்கச் சான்றில் வராது. நாளைக்கே அவர் தன் பங்கை இன்னொருவருக்கு விற்றால், விஷயம் தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவர்மேல் இந்த ஈடு செல்லாது. அதனால் இந்த வாரமே உரிமையாளருக்கு வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். 'அக்காவின் பங்கை மறைத்து விற்க வந்தவர் நீங்கள்தான், கெடு தவறியதற்கு நான் காரணமல்ல' என்று அதில் அழுத்தமாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் 'கெடு தவறினால் அட்வான்ஸ் போச்சு' என்ற வரியை அவர் கையில் எடுப்பார். நோட்டீஸுக்கு அசையாவிட்டால் பண வழக்கும், சொத்தை விற்கத் தடை கேட்கும் மனுவும் போடலாம். காலக்கெடு மூன்று வருஷம் இருக்கிறது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அதற்குள் வீடு கைமாறலாம்.

வீடு வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். பதிவாகாத அக்ரிமென்ட்டை வைத்தும் கிரயம் செய்து தரக் கோரி வழக்குப் போடலாம், உச்ச நீதிமன்றமே 2023-ல் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் அப்படிச் சொல்லியிருக்கிறது. ஆனால் 62 லட்சத்துக்கு 3 சதவீதம், அதாவது 1,86,000 ரூபாய் கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும். பாக்கி 57 லட்சம் ஆரம்பம் முதல் தயாராக இருந்ததை நிரூபிக்க வேண்டும். அத்தனையும் செய்து ஜெயித்தாலும் அக்காவின் பங்கு உங்களுக்கு வராது. 5 லட்சத்தைத் திரும்பக் கேட்கும் வழக்குக்கு ஃபீஸ் 15,000தான்.

ரெரா சட்டப்படி புரோக்கர் பதிவு செய்ய வேண்டியது, அங்கே பதிவான மனைத் திட்டங்களையும் அடுக்குமாடித் திட்டங்களையும் விற்றுக் கொடுக்கத்தான். தனி மனிதர் விற்கும் பழைய வீடு அதற்குள் வராது. மோசடி வழக்கும், ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்டினால்தான் நிற்கும். அக்காவின் பங்கை மறைத்ததைப் புகாரில் தெளிவாகச் சேருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

அந்த 3 லட்சம் தனிக் கணக்கு, அதற்குப் புரோக்கர்தான் பொறுப்பு. ரசீது இல்லை. மேலும் 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கம் கொடுத்ததாகச் சொல்லும் வழக்குகளை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும்படி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. ரொக்கம் வாங்கியவருக்குத்தான் அபராதம். ஆனாலும் பணம் எங்கிருந்து வந்தது என்று உங்களையும் கேட்பார்கள். புரோக்கர் செக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் 'அடுத்த வாரம் போடுங்க சார்' என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். செக்குக்கு ஆயுள் மூன்று மாதம். திரும்பியதாக வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பிறகு 15 நாள் அவகாசம், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் வழக்கு. இதில் ஒன்று தவறினாலும் செக் வழக்கு நிற்பது கஷ்டம்.

ஆக, சமரசத்துக்கு ஒத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் தன் கணக்கிலிருந்து உங்கள் பெயருக்கு 5 லட்சத்துக்கு டி.டி. எடுத்துக் கொண்டுவந்தால் அதே மேஜையில் அக்ரிமென்ட்டைக் கொடுங்கள், ஒரு நாள்கூட முன்னால் வேண்டாம். புரோக்கர் 2 லட்சம் தருகிறேன் என்றால் வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிடுங்கள். ரசீதில்லாத ஒரு லட்சத்துக்காக வருஷக்கணக்கில் கோர்ட் படி ஏறுவது உங்களுக்குக் கட்டுப்படியாகாது. தவணையில்தான் தர முடியும் என்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் எழுதி வாங்குங்கள், உரிமையாளரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். வழக்குப் போடாமலே அங்கே போகலாம், செலவில்லை. அந்த உத்தரவு கோர்ட் டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. தவணை தவறினால் நேராக நிறைவேற்று மனுப் போடலாம்.

புரோக்கர் 3 லட்சத்தைப் பற்றிப் பேசிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்களை அழிக்காதீர்கள், வழக்கு முடியும்வரை போனையும் மாற்றாதீர்கள். அந்த ரொக்கம் எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில் வந்தது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே அத்தாட்சி நகை அடகு ரசீது. நகையை மீட்கும்போது அதைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், இன்றைக்கே இரண்டு நகல் எடுத்து வையுங்கள்.