சில பேஸ்பால் அட்டைகள் மட்டும் கோடிக்கணக்கில் விலைபோவது ஏன்?

பேஸ்பால் அட்டை என்பது ஆட்டக்காரரின் படம் அச்சிட்ட, உள்ளங்கையில் அடங்கும் அட்டை. 1880களில் அமெரிக்க சிகரெட் பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே செருகினார்கள். பின்னாளில் சூயிங்கத்தோடு வந்தது.

விலையை ஏற்றுவது வயது அல்ல, நல்ல நிலையில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதுதான். 1952இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரரின் அட்டை ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம்போனது. டாப்ஸின் அந்த 1952 வரிசையில் இந்த அட்டை இருந்த கடைசிப் பகுதி, ஆட்டப் பருவம் முடியும் நேரத்தில் கடைக்கு வந்ததால் தேங்கிவிட்டது. மீந்த பெட்டிகளை 1960இல் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அந்த வரிசையை வடிவமைத்தவர்களில் ஒருவரான சை பெர்கரே சொல்லியிருக்கிறார். விற்றவையாவது தப்பினவா? படபடவென்று சத்தம் வர, சிறுவர்கள் சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகி ஓட்டினார்கள்! முனை மடங்காத பிரதி அரிதானது இப்படித்தான். போகிக்கு எரித்த பழைய வார இதழ்களைப் போலத்தான் இதுவும்: அன்று வீட்டுக்கு வீடு கிடந்தது, இன்று தேடினாலும் அகப்படாது.

1980களின் இறுதியில் அட்டைகளை அளவின்றி அச்சடித்தார்கள், வாங்கியவர்களும் பத்திரப்படுத்தினார்கள். அவற்றில் பெரும்பாலானவை இன்றும் மலிவு.

இன்னொன்று: 1952 அட்டைதான் மேன்டிலின் முதல் அட்டை என்று பலர் நினைக்கிறார்கள். அவருடைய முதல் அட்டையை 1951இலேயே போமன் நிறுவனம் வெளியிட்டுவிட்டது.