ஏலக் குறிப்பை வரி மாறாமல் எடுத்துப் போட்டால்: மும்பை வாசகர்களுக்குப் பதில்கள்

இணைய ஏலத்தில் பழைய நாணயம் விற்பவர்களின் கேள்விகளுக்கு மாட்டுங்காவிலிருந்து எழுதுகிறேன். நானும் அதே தொழில்தான்.

செம்பூர் வாசகி: என் நாணயத்துக்கு நான் எழுதிய விவரக்குறிப்பை ஒருவர் தன் ஏலத்தில் அப்படியே போட்டிருக்கிறார். நான் பதிவு செய்யவில்லை. உரிமை உண்டா?

உண்டு, அம்மா. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. ஆனால் அவரிடம் பேசுமுன் அவர் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். கேட்டதும் அழித்துவிடுவார்கள், பிறகு சான்று இராது. அடுத்து ஏலத் தளத்துக்கு எழுத்துமூலம் புகார்: இருவர் பக்கங்களின் முகவரி, தேதி எல்லாம் வேண்டும். முறையான புகார் கிடைத்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் அவர் பக்கத்தை முடக்க வேண்டும். 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறக்கலாம். கவலை வேண்டாம், நம் ஏலம் அதற்குள் முடிந்துவிடும்.

தாராவி வாசகர்: படத்தையும் எடுத்துவிட்டார்.

அது இன்னும் கொடுமை. உங்கள் காசைக் காட்டி வேறொன்றை அனுப்பினால் ஏமாறுபவர் வாங்குபவர். புகாரில் இதை முதலில் எழுதுங்கள். இனிப் படம் எடுக்கும்போது காசருகே உங்கள் பெயரெழுதிய சீட்டு இருக்கட்டும்.

முலுண்ட் வாசகர்: “1835, நான்காம் வில்லியம், வெள்ளி ஒரு ரூபாய், 11.66 கிராம்.” இதைத் திருடிவிட்டார்.

அது வெறும் தகவல், யாருக்கும் சொந்தமில்லை, ஐயா.

அவரே மீண்டும்: எடை போட்டது என் உழைப்பு அல்லவா?

உழைப்பு மட்டும் போதாது. சிறிதளவாவது படைப்புத்திறன் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் சொல்லிவிட்டது.

கோரேகாவ் வாசகர்: அப்படியானால் குறிப்பு எழுதுவதே வீணா?

இல்லவே இல்லை! ஆண்டும் எடையும் எந்தப் பட்டியலிலும் கிடைக்கும். காசில் மன்னர் உருவத்தின் கழுத்து முடியும் விளிம்பில் ‘எஃப்’ என்ற சிறு எழுத்து இருக்கிறதா, ‘ஆர்.எஸ்.’ இருக்கிறதா, அந்த எழுத்து எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கன்னத்தில் விழுந்த கீறல் வெளிச்சத்தில் எப்படித் தெரிகிறது என்பதெல்லாம் கையில் காசை வைத்திருப்பவருக்கே தெரியும். அதை உங்கள் நடையில் எழுதினால் அந்த எழுத்து உங்களுடையது. நகலெடுத்தவர் தன் காசில் இல்லாத கீறலை வர்ணித்துச் சிக்கிக்கொள்வார்.

சயான் வாசகர்: பதிவு செய்யாவிட்டால் உரிமை உண்டா?

செம்பூர் அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தீர்களா?

வாஷி வாசகர்: 1835ஆம் ஆண்டு ரூபாய் நாணயத்தை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

கூடாது. நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருகிறது.

அந்தேரி வாசகர்: வக்கீல் நோட்டீஸ் அனுப்பி மிரட்டலாமா?

ஆதாரமில்லாமல் மிரட்டினால் அவர் உங்கள்மீதே வழக்குப் போடலாம். முதலில் ஸ்கிரீன்ஷாட், தம்பி.

முலுண்ட் வாசகர்: பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ‘எஃப்’ இருக்கிறது.

அதை முதல் வரியில் எழுதுங்கள், ஐயா.