டப்பாவின் பின்பக்கம்: வாசகர் கேள்வி-பதில்

பெயின்ட் நெடி, ஊதுபத்தி, சென்ட் எதுவும் எனக்கு ஆகாது. தண்ணீரில் நுரைத்துக் கரையும் வைட்டமின் சி மாத்திரை குடித்தேன். கையெல்லாம் தடிப்பு. எனக்கு வைட்டமினே ஆகாதா?

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அந்த வில்லையில் சிட்ரிக் அமிலம், சோடா உப்பு, செயற்கை இனிப்பு, ஆரஞ்சு மணம், சாயம் என்று ஒரு கூட்டமே இருக்கும். ஐ.என்.எஸ். என்பது உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச எண்: 102 என்றால் டார்ட்ரசின், 110 சன்செட் யெல்லோ (இரண்டும் சாயம்), 211 சோடியம் பென்சோயேட் (கெடாமல் காப்பது), 951 அஸ்பார்டேம் (செயற்கை இனிப்பு). தடிப்புக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இவற்றைத்தான்.

என் தீராத ஆத்திரம் இதில்தான். முன்பக்கம் ‘இயற்கை’ என்று கட்டை எழுத்து. பின்பக்கம் சேர்மானம் எறும்பு எழுத்து. மருந்து உரிமத்தில் வரும் மாத்திரை அட்டைகளில் அதுவும் இல்லை: மருந்தின் பெயர், சாயத்தின் பெயர், பெரும்பாலும் அவ்வளவுதான். நிரப்புப் பொருள் என்ன, மேல்பூச்சு என்ன என்று தெரியாது. உங்களைப் போன்றவர்கள் 14 இலக்க உணவு உரிம எண்ணும் முழுச் சேர்மானப் பட்டியலும் உள்ளதையே வாங்குங்கள். ஒரே சத்து, சாயமில்லாத கேப்சூல், டப்பாவில் 30க்கு மேல் வேண்டாம். முதல் மூன்று நாள் கேப்சூலைத் திறந்து கால்வாசித் தூளை ஆறிய கஞ்சியில் கலந்து பகலில் சாப்பிடுங்கள்; நேரத்தைக் குறித்து வையுங்கள். அந்த வாரம் புதிதாக வேறெதையும் தொடாதீர்கள். குடலில் கரையும் பூச்சு, மெல்லக் கரையும் வகை இரண்டையும் திறக்கக் கூடாது. உதடு வீக்கமோ மூச்சிரைப்போ ஒருமுறை வந்திருந்தாலும் வீட்டுச் சோதனை கூடாது, மருத்துவரிடம் போங்கள். அதுவரை கொய்யா இருக்கிறது: 100 கிராமில் 200 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி.

பாதி விலை என்று 180 மீன் எண்ணெய்க் குளிகை வாங்கினேன். ஒத்துக்கொள்ளவில்லை. திறந்த டப்பாவைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.

மறுப்பதில் தப்பில்லை. ஜெலட்டின், கிளிசரின், 218 (மெதில் பாரபென், கெடாமல் காப்பது) எல்லாம் டப்பாவிலேயே அச்சிட்டிருப்பதாக நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டுப் பணம் கொடுத்திருக்கலாம். தள்ளுபடிக்கு மயங்கி நானும் இப்படி ஒரு பெரிய டப்பாவைக் குப்பையில் போட்டவன்தான்.

நயாசின் (வைட்டமின் பி3) மாத்திரை போட்ட அரை மணியில் முகம் சிவந்து எரிகிறது. ஒவ்வாமையா?

பெரும்பாலும் இல்லை. 50 மி.கி. அளவிலேயே ரத்தக் குழாய் விரிந்து இப்படிச் சிவக்கும், தானே அடங்கும். அதே வைட்டமினின் இன்னொரு வடிவமான நயாசினமைடு வகையில் இந்தச் சிவப்பு வராது.

‘சாயம் இல்லை’ என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆன்லைனில் வாங்கினேன். வந்த டப்பாவில் 129 என்று இருக்கிறது. என் மகளுக்கு இரண்டு நாள் அரிப்பு. பணம் தர மாட்டார்களாம்.

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. 129 என்பது அல்லூரா ரெட், செயற்கைச் சாயம். சொன்னது ஒன்று, விற்றது ஒன்று. விளம்பரப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்குள் இன்றே படம் பிடித்து வையுங்கள். பில், தொகுதி எண் தெரியும் படம், மருத்துவர் சீட்டு மூன்றையும் சேருங்கள். மிச்ச மாத்திரையை எறியாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகார் எண் வாங்குங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2 ஆண்டுக்குள் போக வேண்டும், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. (ஒரு வகை எதிர்ப்புப் புரதம்) பார்த்து எனக்கேற்ற சத்து மாத்திரை தருகிறார்களாம். வாங்கலாமா?

வேண்டாம். ஐ.ஜி.ஜி. நீங்கள் எதைச் சாப்பிட்டு வந்தீர்கள் என்று காட்டும். எது ஆகாது என்று காட்டாது.